இளமையிலும் உறையும் இரத்தம்

“மாரடைப்பா? பக்கவாதமா? அதெல்லாம் வயதானவர்களுக்கு வரும் நோய்கள்!” இதுவே நம்மில் பலரின் எண்ணம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி திடீரெனக் கை மரத்துப்போகிறது என்றால், தூக்கமின்மை, தேர்வு பயம் என்று ஏதாவது காரணம் சொல்லி, தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுகிறோம். இளம்பெண்களுக்கு இந்நோய்கள் அரிதாகவே வருகின்றன என்பது உண்மைதான். ஆனால், அரிது என்பதற்கு வராது என்று பொருளல்ல.

இரத்தம் ஏன் உறைகிறது?

விரலில் கத்தி பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. இரத்தத்திலுள்ள தட்டணுக்களும் உறைவுப் புரதங்களும் சேர்ந்து காயத்தை அடைப்பதே இதற்குக் காரணம். உறைவைத் தூண்டும் பொருள்களும் அதைத் தடுக்கும் பொருள்களும் நம் உடலில் தராசுத் தட்டுகளைப் போல் சமநிலையில் இருக்கின்றன. அந்தத் தராசு உறைவின் பக்கம் சாய்ந்துவிட்டால், காயமே இல்லாத இடத்திலும் இரத்தக் கட்டி உருவாகும். அது இதயத்தின் இரத்தக் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளையின் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

நெதர்லாந்து சொன்ன செய்தி

1990களில் நெதர்லாந்தில் ‘ரேஷியோ’ என்ற ஆய்வு தொடங்கப்பட்டது. மாரடைப்போ பக்கவாதமோ வந்த, 50 வயதுக்குட்பட்ட பெண்களை நலமாக உள்ள பெண்களோடு ஒப்பிட்டார்கள். அதன் ஒரு பகுதி 2009இல் வெளிவந்தது. ‘லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்’ என்னும் எதிர்ப்பொருள், நலமாக இருந்தவர்களில் 0.7 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. பக்கவாதம் வந்தவர்களிலோ 17 விழுக்காட்டினரிடம் அது இருந்தது! அதனால் கூடும் அபாயம் பக்கவாதத்திற்கு ஏறத்தாழ 43 மடங்கு. மாரடைப்பிற்கு 5 மடங்கு.

இந்தப் பொருளின் பெயரே ஒரு விந்தை. ‘ஆன்டிகோயாகுலன்ட்’ என்றால் உறைவை எதிர்ப்பது என்று பொருள். சோதனைக் குழாயில் அது இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. உடலுக்குள்ளோ நேர்மாறாக, உறைவைத் தூண்டிவிடுகிறது.

மூளைக்கு ஏன் இத்தனை அபாயம்? மாரடைப்பு பெரும்பாலும் குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகிறது. பக்கவாதத்திற்கு அப்படிப் பழுதடைந்த குழாய் கட்டாயமில்லை. வேறிடத்தில் உருவான கட்டிகூட இரத்தத்தோடு பயணித்து மூளையை அடைக்கலாம். ஆகவே, குழாய்கள் நன்றாக இருக்கும் இளம்வயதில் உறையும் தன்மையின் பங்கு மூளையில்தான் கூடுதலாகத் தெரிகிறது எனலாம்.

அபாயம் கூடும் வேளைகள்

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உறைவுப் புரதங்களைக் கூட்டுகிறது. ரேஷியோ ஆய்வில் இம்மாத்திரை உட்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய இரண்டின் அபாயமும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மேற்சொன்ன எதிர்ப்பொருளும் சேர்ந்தபோது பக்கவாத அபாயம் 201 மடங்கு. புகைபிடித்தலோடு சேர்ந்தபோது 87 மடங்கு. மிகச் சிலரை வைத்துக் கணக்கிட்டதால், இவ்விரு எண்களும் துல்லியமானவை அல்ல. அவை காட்டும் திசையே முக்கியம். கருவுற்ற காலத்திலும், பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய ஆறு வாரங்களிலும் இரத்தம் எளிதில் உறையும்.

அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஓர் இலட்சம் இளம்பெண்களில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு ஒரு நோய் வருவதாகக் கொள்வோம். அது இரு மடங்கானால் இருபது பேர்; மீதி 99,980 பேருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ‘எத்தனை மடங்கு’ என்று கேட்கும்போதே ‘எதன் மடங்கு’ என்றும் கேட்கப் பழக வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவதும் தீர்வாகாது. கால் சிரையில் இரத்தக் கட்டி, அடிக்கடி கருச்சிதைவு, பார்வையில் ஒளிக்கீற்றுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் இளவயதில் இரத்தக் கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வேறு வழிமுறையைப் பரிந்துரைக்கலாம். எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் சோதித்தே அதை உறுதிசெய்வார்கள்.

நொடிகள் முக்கியம்

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் தாமதிக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும்.

விடுதி அறையில் தோழி ஒருத்தியின் பேச்சு திடீரெனக் குழறினால், “உனக்கு வயது இருபதுதானே” என்று சொல்லித் தேற்றாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, தொலைபேசியைக் கையிலெடுங்கள். வயதை நம்பிக் காத்திருப்பதைவிட, அறிகுறியை நம்பி விரைவதே அறிவுடைமை!