பன்னாட்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் அளவீட்டு முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்: இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு எனத் தரப்படும் எண், அளவிடும் முறைக்கேற்ப மாறக்கூடியது. அம்முறைகளையும், அவை பயணியின் இழப்பீட்டிலும் கரிம உமிழ்வுக் கணக்கிலும் ஏற்படுத்தும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருவட்டம், நீள்கோளம், அகலாங்கு, நெட்டாங்கு, இழப்பீடு

புள்ளியும் கோடும்

விமான நிலையம் பல சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஆதலின் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு குறிப்புப் புள்ளி வரையறுக்கப்பட்டு, அதன் அகலாங்கும் நெட்டாங்கும் 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறைமையின்படி வெளியிடப்படுகின்றன. தொலைவு அப்புள்ளிகளுக்கு இடையே கணிக்கப்படுவது. பயணி ஏறும் வாயிலும் ஓடுபாதையின் முனையும் கணக்கில் வருவதில்லை.

இலண்டன் ஹீத்ரோ, நியூயார்க் ஜான் எஃப். கென்னடி ஆகிய நிலையங்களைச் சான்றாகக் கொள்வோம். மெர்கேட்டர் படத்தில் இவற்றை நேர்கோட்டால் இணைத்தால் கிடைப்பது, திசைக்கோணம் மாறாது செல்லும் வழி. அதன் நீளம் சுமார் 5,750 கி.மீ. புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வழியே அளந்தால் சுமார் 5,540 கி.மீ. மட்டுமே. நியூயார்க், இலண்டனைவிட ஏறத்தாழ 11 பாகை தெற்கே உள்ளது. எனினும் குறுகிய வழி மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து தொடங்குவது இதனாலேயே.

இந்த 5,540 என்பதும் புவியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கோளமாகக் கொண்டு பெற்ற விடையே. உண்மையில் நடுவரைக்கோட்டில் ஆரம் 6,378.137 கி.மீ.; துருவத்தில் 6,356.752 கி.மீ. இத்தட்டையைக் கருத்திற்கொண்டு நீள்கோளத்தின்மேல் கணித்தால் விடை சுமார் 5,555 கி.மீ. ஆகிறது. இதற்கு வின்சென்டி 1975இல் வகுத்த படிமுறை பரவலாகப் பயன்பட்டு வருகிறது. ஏறத்தாழ எதிரெதிர்ப் புறங்களில் அமைந்த புள்ளிகளுக்கு அம்முறை விடை தராது நின்றுவிடுவதுண்டு. 2013இல் கார்னி வெளியிட்ட முறை அக்குறையைக் களைந்தது. ஆய்வேடுகளில் தொலைவுகள் எம்முறையில் பெறப்பட்டவை என்ற குறிப்பின்றியே இடம்பெறுவது, ஒப்பீட்டைக் கடினமாக்குகிறது.

சட்டத்தின் அளவுகோல்

பதினைந்து கிலோமீட்டர் பொருட்படுத்தத்தக்கதன்று எனத் தோன்றலாம். எல்லைக்கோடு ஒன்று குறுக்கிடும்போது நிலை மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, 1,500 கி.மீ. வரையிலான பயணங்களுக்கு 250 யூரோவும், ஒன்றியத்திற்குள் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 400 யூரோவும் இழப்பீடாக வகுக்கிறது. தொலைவைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஆனால் இடையில் விமானம் மாறும் பயணத்தில் எவ்விரு புள்ளிகளை இணைப்பது? ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற பயணிகளின் வழக்கில் (சி-559/16) இவ்வினாவே எழுந்தது. ரோம்–பிரசல்ஸ் 1,173 கி.மீ.; பிரசல்ஸ்–ஹாம்பர்க் 483 கி.மீ.; கூட்டுத்தொகை 1,656. ரோம்–ஹாம்பர்க் நேர்தொலைவோ 1,326. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் நேர்தொலைவையே ஏற்றது. பயணிகள் உண்மையில் கடந்த தொலைவு எல்லையைத் தாண்டியிருந்தும், உரிய தொகை 250 யூரோவாகவே நின்றது. தாமதத்தால் நேரும் இடர் வழித்தடத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று என்னும் நோக்கில் இத்தீர்ப்பு ஏற்கத்தக்கதே.

பறந்த தொலைவு

உமிழ்வுக் கணக்கில் அதே வாதம் செல்லாது; எரிபொருள் பறந்த தொலைவிற்கே செலவாகிறது. விமானங்கள் காற்று, வான்வெளிக் கட்டுப்பாடு, தரையிறங்கக் காத்திருத்தல் ஆகியவற்றால் பெருவட்டத்தினின்று விலகுகின்றன. ஆகவே பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் கரிமக் கணிப்பான், 550 கி.மீ.க்குக் குறைந்த பயணங்களுக்கு 50 கி.மீ., 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. எனக் கூட்டிக்கொள்கிறது.

இத்திருத்தம் வழக்கமான விலகலுக்கே பொருந்தும். 2022இல் இரசிய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபின், ஹெல்சின்கி–டோக்கியோ விமானங்கள் வடதுருவத்தை ஒட்டியோ தெற்கே சுற்றியோ செல்லலாயின. ஏறத்தாழ ஒன்பதரை மணிநேரப் பயணம் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. அவ்விரு நகரங்களின் பெருவட்டத் தொலைவு இன்றும் சுமார் 7,800 கி.மீ. தான்.