நிறுத்திய பிறகு சூடேறும் எஞ்சின்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 1996-ம் வருடத்து மாருதி 800. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது, நாலுவழிச் சாலையில் குறையில்லாமல் ஓடுகிறது. கோவில்பட்டியில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினால் போச்சு. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பேட்டரி மாற்றினார், பிளக் மாற்றினார். கடைசியாகப் பார்த்த மெக்கானிக், "வண்டிக்கு வயசாயிடுச்சுண்ணே, தள்ளிவிட்டுருங்க" என்று சொல்லிவிட்டாராம். அரை மணி நேரம் நிழலில் நின்றால் அதே வண்டி ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்புகிறது. சூடான எஞ்சின் இன்னும் சுலபமாக அல்லவா எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

விற்பதற்கு முன்பு கேட்டாரே என்று மகிழ்ச்சி. அரை மணியில் தானாகச் சரியாகும் கோளாறை வயதின் தலையில் கட்டக் கூடாது. தேய்ந்த பிஸ்டன் ரிங் நிழலில் நின்றால் தேறிவிடாது.

என் சந்தேகம் பெட்ரோல் கொதிப்பதன் மேல். பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை அது. லேசானவை சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும்; கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். குளிர்ந்த காலையில் எஞ்சின் பற்றுவதற்கு அந்த லேசான பகுதி வேண்டும். சித்திரை வெயிலில் காலை வாரிவிடுவதும் அதே பகுதிதான். இப்படிக் குழாயில் ஆவி நிறைந்து பெட்ரோல் வராமல் போவதுதான் ஆவியடைப்பு; பெட்ரோல் தரத்துக்கான இந்திய விதிகளில் அதற்கென்றே ஒரு குறியீட்டெண் உண்டு. கோடைக்கு ஒரு வரம்பு, மற்ற மாதங்களுக்கு இன்னொரு வரம்பு.

ஓடும்போது வாட்டர் பம்ப் சுற்றுகிறது, ரேடியேட்டர் வழியே காற்று பாய்கிறது, டேங்கிலிருந்து வரும் புதுப் பெட்ரோலே கார்புரேட்டரைக் குளிரவைக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் மூன்றும் நின்றுவிடும். உலோகத்தில் சேர்ந்திருக்கும் சூடு மட்டும் தன் வழியில் பரவிக்கொண்டிருக்கும். அதனால் எஞ்சினை ஒட்டிய பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திய பிறகுதான் அதிகமாகச் சூடேறுகின்றன.

மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதிக்கும். பதம் தெரிந்தவர்கள் மீன் முக்கால் பங்கு வெந்ததுமே அணைத்துவிட்டு மீதியைச் சட்டியிடம் விட்டுவிடுவார்கள். எஞ்சின்தான் அந்தச் சட்டி, பானட் அதன் மூடி. கார்புரேட்டர், சட்டிக்குள் போட்டு மறந்த கரண்டி. அலுமினியக் கரண்டியென்றால் கொஞ்ச நேரத்தில் காம்பு கையைச் சுட்டுவிடும். சிரட்டை அகப்பையின் மரக்காம்பு சுடாது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே தடிமனாகக் கறுப்பு பேக்கலைட் துண்டு ஒன்று இருக்கும். மரக்காம்பின் வேலையைச் செய்வது அதுதான். மீன் உடையாமலிருக்கச் சட்டியை இறக்கி ஒரு சுற்று சுழற்றுவோமே, மேடேறி வந்த வண்டியை அணைக்கும் முன்பு ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது அந்தச் சுழற்று.

இனி, என்னை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். இந்தக் காரில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட, உள்ளேயிருக்கும் டயஃப்ரம் அசைந்து, பின்சீட்டுப் பக்கம் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. பெட்ரோலை இழுக்கும் செயலே அதைக் கொதிக்கவும் தூண்டுகிறது! குழாயில் ஆவி நிறைந்த பிறகும் டயஃப்ரம் அசையத்தான் செய்யும். தள்ளினால் திரவம் நகரும், ஆவி அமுங்கும். விட்டால் மறுபடி விரியும். ஒவ்வொரு அடிக்கும் பம்ப் அதே ஆவியை அமுக்கி விரித்துக்கொண்டிருக்க, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டுகூடப் போவதில்லை. செல்ஃபை விடாமல் அடிப்பதால் இறங்குவது பேட்டரிதான்.

அதே சூடு, ஓரடி தள்ளி, கார்புரேட்டருக்குள் இதற்கு நேர் எதிரான கோளாறையும் உண்டாக்கும். மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியே மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடும். முன்னதில் பெட்ரோல் வரவில்லை. இதில் கூடிப்போய், காற்று போதாமல் பற்றுவதில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல மூக்கு போதும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், முதலில் எங்காவது வெளியே கசிகிறதா என்று பாருங்கள்; கசிந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கசிவில்லையென்றால் சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல் இறங்கும். ஒரே மிதியில் பிடித்திருந்தால் காற்று நிறைய நுழைந்து, கொஞ்சம் இருமி, கரும்புகை தள்ளி எஞ்சின் எடுத்துக்கொள்ளும். வாடையே இல்லையென்றால் அடைப்பு பம்பில். சூட்டில் மட்டும் கைவிடும் இக்னிஷன் காயிலும் உண்டு; அதை மெக்கானிக் சோதித்துச் சொல்லட்டும்.

மலையேறும்போது எல்லாமே சேர்ந்துகொள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் சாலையில் இரண்டாவது கியரில் எஞ்சின் திணறும், வேகம் இல்லாததால் எதிர்காற்று குறையும், உயரம் கூடக் கூடக் காற்றழுத்தமும் இறங்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்றால், பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வரலாறு சுருக்கமாக. 1983 டிசம்பர் 14-ல் முதல் வாடிக்கையாளருக்கு இந்திரா காந்தி சாவி கொடுத்த கார் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. இடையில், 2000-ஐ ஒட்டி வந்த மாசுக்கட்டுப்பாட்டு விதிகளால் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதோடு பம்பும் எஞ்சினைவிட்டு டேங்குக்குள் குடியேறியது. அங்கிருந்து அது பெட்ரோலை உறிஞ்சுவதில்லை, பல மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தத்தில் கொதிநிலை ஏறிவிடுகிறது. புதிய கார்களின் நம்பகத்தன்மையை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில் எழுதுகின்றன விளம்பரங்கள். வெயிலில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்புவதில் பெரும்பங்கு இந்த இடமாற்றத்துக்குத்தான் உரியது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு இன்னொரு சோதனை. தனி எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலில் உள்ள ஹெக்சேன் 69-ல் கொதிக்கும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தால் சுமார் 59-லேயே கொதித்துவிடும்! எத்தனால் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருப்பது அவற்றுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு. பெட்ரோலுக்குள் சிதறியதும் அந்தப் பிடி தளர்ந்து சுலபமாகத் தப்பிவிடுகின்றன. பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் கெடுக்கக்கூடும். இதனால் எல்லாக் காரும் நாசமாகிவிடும் என்று பரவும் வீடியோக்களை நான் நம்பவில்லை. 1996 காருக்கு ஒன்றுமே ஆகாது என்பதையும் நம்பவில்லை.

காசு பறிக்கக் காத்திருப்பவை வேறு. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் கொதிநிலையை அசைக்காது. விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோலும் இதற்கு மருந்தாகாது. ஆக்டேன் எண் நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்வது, ஆவியாகும் தன்மையை அல்ல. பழைய டிரைவர்கள் பம்பின் மேல் போட்ட ஈரத்துணிக்குப் பின்னால்தான் அறிவியல் இருக்கிறது: ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். துணியைப் பிழிந்து, பம்பின் மேல் மட்டும் போட வேண்டும். கொதிக்கும் எஞ்சின்மேல் குடத்தோடு ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

ஆனால் துணி அன்றைக்கு வீடு சேர்க்கும், அவ்வளவுதான். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அந்தப் பேக்கலைட் துண்டு விரிசல் இல்லாமல் இருக்கிறதா, முந்தைய வேலையில் யாராவது அதை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் பேக்கிங் வைத்து மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் உரிய சூட்டில் சுற்றுகிறதா, பெட்ரோல் குழாய் இடம்மாறி எஞ்சினை உரசிக்கொண்டு போகிறதா என்பதையும் கவனியுங்கள். குழாயை மாற்றுவதென்றால் எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்; பம்பின் டயஃப்ரத்தையும் அதே கையோடு மாற்றிவிடலாம்.