ஏலத்தில் ஏறிய விலை, மலையில் ஏறாத சம்பளம்

2022-இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது, பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையும் எல்லோரையும் சமமாக்கிவிட்டதாகப் பலர் சொன்னார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்த எவரும் அதை ஏற்கமாட்டார்கள்.

அங்கே நெருக்கடி ஓராண்டு முந்தியே வந்துவிட்டது. 2021-இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தார்கள். ஆண்டுக்கு 300 மில்லியன் கிலோ அளவில் இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டில் 250 மில்லியனுக்கு இறங்கியது. இந்த வீழ்ச்சி கொழுந்து மடுவத்துத் தராசில்தான் முதலில் தெரிந்தது. பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். உரம் காணாத செடியில் கொழுந்து இல்லாதது பறிக்கும் பெண்ணின் குற்றமா? சம்பளம் குறைந்ததென்னவோ அவளுக்குத்தான்.

முழுப்பேர் கிடைத்தாலும் நாட்சம்பளம் 1,000 ரூபாய்தான். 2022 செப்டம்பரில் உணவு விலைகள் முந்தைய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தன. தொழிலாளர்கள் வாழும் லயத்து வீடுகளில் ஒரு வேளையாவது ரொட்டிதான் சாப்பாடு. அந்தக் கோதுமை மாவின் விலை மூன்று மடங்கைத் தாண்டியது. ரொட்டியின் எண்ணிக்கை குறைந்தது, முதலில் தாயின் பங்கில்.

வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றது அரசு. பயிர் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தது. லயத்தில் இருப்பவருக்குச் சொந்த நிலம் ஏது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளமும் போகும்.

இதே காலத்தில் ரூபாய் வீழ்ந்ததால் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் இரட்டிப்பானது. டொலர் கொண்டுவந்த கொழுந்தைப் பறித்தவர்களின் நாட்சம்பளம் 2024 வரை அசையவில்லை. என்னால் ஏற்கவே முடியாத கணக்கு இது.

அடுத்து, மீட்சி. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை அரசு தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே போதிய வரி கட்டுகின்றன என்றது. ஊழியர் சேமலாப நிதியத்திடமோ, பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு 2025-க்குப் பின் 9 சதவீத வட்டிக்கு இறங்கும் புதியவற்றை வாங்கிக்கொள், இல்லையேல் 30 சதவீத வரி என்றது. நிதியம் மாற்றிக்கொண்டது. மாதாமாதம் சம்பளத்தில் குறைந்தது 8 சதவீதம் பிடிக்கப்படும் தோட்டத் தொழிலாளியின் முதுமைப் பணமும் அதில்தான் இருக்கிறது.

2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 1,000 ரூபாய் நிர்ணயித்த 2021-இலிருந்து விலைவாசி அதற்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.