கம்பனியின் கதையும் ஊடகத் தேர்வும்: ஒரு சமூகவியல் நோக்கு

கதையொன்றினை எந்த ஊடகத்திற் கூறுவது என்பது கலைஞனின் தனிப்பட்ட விருப்பத்தையும் பயிற்சியையும் பொறுத்தது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. தனிமனிதரைப் பற்றிய கதைகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓரளவு செல்லுபடியாகலாம். ஆயின், கம்பனி என்னும் சமூக நிறுவனத்தின் கதையைக் கூற முற்படும்போது இதன் போதாமை உடனடியாகப் புலனாகின்றது. கம்பனிக்குப் பெயர் உண்டு, சொத்து உண்டு, சட்டத்தின் முன் உரிமை உண்டு; முகம் இல்லை. முகமற்ற ஒன்றை எவ்வூடகம் எவ்வாறு காட்டுகின்றது, காட்டும்போது எதனை மறைக்கின்றது என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினாக்கள்.

இவ்வினாக்கள் வெறும் அழகியற் சிக்கல்களாக நமக்குத் தோன்றவில்லை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமங்களுள் ஒன்று குருக்கள்மடம். அங்கிருந்து வாவியைக் கடந்து படுவான்கரையிலுள்ள அம்பிளாந்துறைக்கு மக்களை ஏற்றிச்செல்லும் மிதவையை அப்பகுதியார் ‘பாதை’ என வழங்குவர். இவ்விரு கரைகளிலும் வாழும் வறிய குடும்பங்களை நாடி, போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நுண்கடன் கம்பனிகள் வந்தன. பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் கடனுக்கு மற்றவரைப் பிணையாக்கி, வாரந்தோறும் தவணை அறவிடுவது அவற்றின் நடைமுறை. கடன் பெற்ற பெண்ணின் கதை இரண்டு இடங்களில் எழுதப்படுகின்றது. கம்பனியின் பிரசுரத்தில் அது புன்னகைக்கும் புகைப்படத்துடன் கூடிய வெற்றிக் கதை; அவர் கையிலுள்ள கடன் அட்டையில் அது தவணைகளின் வரிசை. இரண்டும் கம்பனியின் எழுத்துக்களே. அப்பெண் தாமே கூறவேண்டிய கதைக்கு உரிய ஊடகம் யாது?

1. கணக்கு என்னும் ஊடகம்

விடையைத் தேடுமுன் கம்பனி தன் கதையைத் தானே எவ்வூடகத்திற் கூறிவந்தது என்பதை நோக்குதல் தகும். இதற்கு மட்டக்களப்பு வரலாறே தக்க சான்று தருகின்றது. 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, பொதுமக்களிடையே பங்குகளை விற்று மூலதனந் திரட்டிய நிறுவனம். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூட்டுச்சேர்ந்து அக்கம்பனி 1638 மே மாதத்தில் மட்டக்களப்பிலிருந்த போர்த்துக்கேயர் கோட்டையைக் கைப்பற்றியது. சில நாட்களில், மே 23ஆந் தேதி, மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கம்பனியின் சார்பிற் கையொப்பமிட்டவர் வெஸ்டர்வோல்ட்.

கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிலைகொள்வது பற்றிய விதியில், அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் ‘அரசன் விரும்பின்’ என்னும் பொருள்படும் தொடர் காணப்பட்டது. கம்பனியின் ஒல்லாந்த மொழிப் பிரதியில் அத்தொடர் இல்லை. ஒரே நிகழ்ச்சி, ஒரே நாள், இரண்டு கதைகள். எக்கதை நிலைத்தது என்பதை மொழித்திறன் தீர்மானிக்கவில்லை; பீரங்கியும் கணக்கேடும் தீர்மானித்தன. போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களாகத் தீர்க்கவேண்டும் என்பதும் உடன்படிக்கையின் கூறாகும். செலவுக் கணக்கை எழுதியது கம்பனி. ஆகவே கடன் தீரவேயில்லை. தீராத கடனுக்கு ஈடாகக் கோட்டைகளும் நிலங்களும் கம்பனி வசமாயின. மணிமுடி தரித்த அரசனும் கம்பனியின் ஏட்டிற் கடனாளி என்னும் ஒரு வரியாகவே எஞ்சினான்.

ஆகவே, கம்பனிக்கு இயல்பான ஊடகம் கணக்கு என நாம் கொள்ளலாம். அது பொய்யுரைக்கும் ஊடகம் எனக் கருதுதல் தவறு. அளவு, விலை, தேதி ஆகியவற்றை அது பெரும்பாலும் துல்லியமாகவே பதிவுசெய்யும். அதன் கருத்துநிலை வேறிடத்திற் செயற்படுகின்றது: மனிதரிடையேயான உறவு அனைத்தையும் வரவு, செலவு, நிலுவை என்னும் மூன்று பத்திகளுள் அது அடக்கிவிடுகின்றது. அப்பத்திகளுள் அடங்காதது நிகழாததாகவே ஆகிவிடுகின்றது.

மலையகத்திலும் இதனையே காண்கின்றோம். தோட்டத் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், அவர் பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோரிடம் அவர் விடுவிக்கப்படுவார் என எழுதிய சீட்டு வேண்டும். அச்சீட்டின் பெயர் ‘துண்டு’. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு முழுவதும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு தொகையாக எழுதப்பட்டது. ஒல்லாந்தரின் போர்க் கணக்கு, தோட்டத்தின் துண்டு, இன்றைய நுண்கடன் அட்டை ஆகியவற்றிடையே காலமும் உற்பத்தி முறையும் வேறுபடினும் ஊடகத்தின் இயல்பு ஒன்றே. எழுதுபவர் கடன் கொடுத்தவர். எழுதப்படுபவர் கடன் பட்டவர். எழுத்தைத் திருத்தும் அதிகாரம் பின்னவருக்கில்லை.

2. முகம் கொடுக்கும் ஊடகங்கள்

கணக்குக்கு எதிராக மக்கள் தமது ஊடகங்களைப் படைத்துக்கொண்டனர். அவற்றுள் மிகச் சுருங்கியது பழமொழி. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் பொருள்பட வழங்கும் சிங்களப் பழமொழி, போர்த்துக்கேயரை அகற்றி ஒல்லாந்தரை வரவழைத்த அனுபவத்தோடு இணைத்துப் பேசப்படுவதுண்டு. உடன்படிக்கையின் நீண்ட விதிகள் கூறாத உண்மையை அது ஒரே மூச்சிற் கூறிவிடுகின்றது.

விரிந்த வடிவம் கதைப்பாடலாகும். தமிழகத்தில் கும்பினியாரை எதிர்த்த கட்டபொம்மன், கான்சாகிபு ஆகியோர் பற்றிய கதைப்பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, வரலாற்று மூலங்களாக அவற்றின் பெறுமதியை உணர்த்தினார். ஆட்சியாளரின் ஆவணங்கள் கலகக்காரன் எனக் குறித்தவனை மக்கள் வீரனாகப் பேணிய ஊடகம் அது. எனினும் அதன் எல்லையையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். கதைப்பாடலுக்கு எதிரி வேண்டும். எதிரிக்கு உடலும் குரலும் வேண்டும். ஆதலாற் கும்பினி ஒரு துரையாக உருப்பெறுகின்றது. 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தில் இப்போக்கு உச்சம் பெற்றது. ஜாக்சன் துரையுடன் கட்டபொம்மன் புரியும் வாதம் பார்வையாளர் நெஞ்சில் நிலைத்தது.

வரலாறு காட்டுவது யாது? 1798இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த அச்சந்திப்பின் பின்னர் கும்பினி விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. ஜாக்சனைப் பதவியினின்றும் நீக்கியது. அவ்விடத்துக்கு லூஷிங்டன் வந்தார். மறு ஆண்டு, 1799 ஒக்டோபர் 16ஆந் தேதி, மேஜர் பானர்மன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார். துரை போனார்; கும்பினி போகவில்லை. முகம் மாறிக்கொண்டே இருக்க, உறவு மாறாதிருத்தலே கம்பனி என்னும் அமைப்பின் சாராம்சம். துரையை வெறுக்கக் கற்பித்த ஊடகம் இச்சாராம்சத்தைக் காட்டத் தவறியது. இதே தவறு இன்றும் நிகழ்கின்றது. வாரந்தோறும் வாசலில் நிற்கும் அறவீட்டு உத்தியோகத்தரே கம்பனியெனக் கருதப்படுகின்றார். அவரும் மாத இலக்கு நிர்ணயிக்கப்பட்ட, வேலைப் பாதுகாப்பற்ற ஓர் இளைஞராகவே பெரும்பாலும் இருப்பார் என்பது மறந்துபோகின்றது.

3. உறவைக் காட்டும் ஊடகம்

முகத்துக்கு அப்பாலுள்ள உறவைக் காட்டும் ஆற்றல் நாவலுக்குச் சிறப்பாக உண்டு. தூரத்திலுள்ள காரணத்தையும் அருகிலுள்ள விளைவையும் ஒருங்கே வைத்து நோக்கும் அவகாசம் அதற்குண்டு. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தில் கங்காணி கொடுக்கும் முன்பணம், மலைப் பயணம், பனி, காய்ச்சல், அரைகுறைக் கூலி, வருட முடிவில் தீராத கடன் என ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதை அந்நாவல் படிப்படியாகக் காட்டுகின்றது. கெட்ட துரைக்குப் பதிலாக நல்ல துரை வந்திருந்தாற் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்னும் மயக்கத்துக்கு அங்கு இடமில்லை.

இந்நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. அதனைத் தழுவி 2013இல் ‘பரதேசி’ திரைப்படம் வெளியாயிற்று. தொழிலாளரின் துயரை இலட்சக்கணக்கானோர் கண்முன் நிறுத்தியமை அத்திரைப்படத்தின் சாதனையே. ஆயின், ஊடகம் மாறியபோது பார்வையும் திசைமாறியது. நாவலில், நோயுறும் தொழிலாளருக்காக நிர்வாகத்துடன் போராடும் மருத்துவர், படத்தில் மதம் பரப்புபவராகத் தோன்றுகின்றார். கம்பனியின் மீதிருந்த கேள்வி மதத்தின் மீதான கேள்வியாக இடம்பெயர்ந்தது. பாடலும் காட்சியும் உணர்ச்சி உச்சமும் வேண்டிநிற்கும் வெகுசனத் திரைப்படத்தின் உற்பத்தி முறைக்கும் இவ்விடப்பெயர்வுக்கும் தொடர்பில்லை எனக் கூறமுடியாது. முதலீடு வேண்டும் ஊடகம், முதலீட்டைப் பற்றிய கதையைத் தயக்கத்துடனேயே கூறும்.

நாவலுக்கும் குறையுண்டு. அது தனித்திருந்து வாசிப்போரின் ஊடகம். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரை அது பல வேளைகளிற் சென்றடைவதில்லை. தொழிலாளர் தாமே படைத்த வாய்மொழிப் பாடல்கள் இவ்விடத்து முக்கியத்துவம் பெறுகின்றன. 1983இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பு அவற்றைப் பேணித் தந்தது. தோட்டக் கணக்கு கொழுந்தின் நிறையை எழுதியது. அதைச் சுமந்த முதுகின் வலியைப் பாடல்கள் பேணின. வலியின் காரணத்தை லண்டன் வரை பின்தொடர்வது அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டது.

4. கூத்தும் அதன் சிக்கல்களும்

மட்டக்களப்பைப் பொறுத்தவரை, கூட்டாகக் கேட்கும் மக்களுக்குரிய ஊடகம் கூத்தே. வடமோடி, தென்மோடி ஆகிய இரண்டும் இங்கு உயிருடன் நிலவுவன. வட்டக்களரி, அண்ணாவியாரின் மத்தளம், சல்லரி, ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடும் பிற்பாட்டு ஆகியன ஊர் முழுவதையும் பங்காளியாக்கும் தன்மையன. ஆயினும் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, கூத்திற் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் வரவு உண்டு. கம்பனி எவ்வாறு வரவாடும்? இதற்கு ஈழத்து நாடக வரலாறு ஒரு விடையை ஏற்கெனவே தந்துள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றால் கூத்தினை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். அவர் வழிவந்த சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ நாடகத்தில் வர்க்கம், சாதி, இனம் முதலிய கருத்துருவங்களையே பாத்திரங்களாக்கி வடமோடி ஆட்டத்துக்குள் கொணர்ந்தார். அரசருக்கும் அரக்கருக்கும் உரிய ஆட்டம் சமூக சக்திகளுக்கு உரியதாயிற்று. முகமற்றதைத் தனிமனிதராகச் சுருக்காமலே மேடையேற்றலாம் என்பது அதனால் நிறுவப்பட்டது. அதே ஆண்டளவில் ‘கந்தன் கருணை’ ஆலயப் பிரவேசப் போராட்டத்தைக் கூத்து வடிவிற் பேசியமையும் இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடினமானது. மரபுவழிக் கூத்திற் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். நுண்கடனின் கதையோ முதன்மையாகப் பெண்களின் கதை. அவர்கள் பார்வையாளராக மட்டும் அமரும் களரியில் அக்கதை மீண்டும் ஒருமுறை பிறரால் எழுதப்பட்டதாகவே முடியும். அண்மைக் காலத்திற் பெண்களும் கூத்தாடத் தொடங்கியமை ஆதலால் வெறும் அரங்கப் புதுமையாகாது. ஊடகத்தின் உடைமையில் ஏற்படும் மாற்றமாகும்.

5. தேர்வின் அடிப்படை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, கம்பனியின் கதைக்கு ஊடகத்தைத் தேர்வோர் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும் என நாம் கருதுகின்றோம். கம்பனியுறவின் எப்பகுதியை இவ்வூடகம் காட்டவல்லது? இதனைக் கேட்போர் யார், தனித்தோ கூடியோ கேட்கின்றனர்? எழுத்தைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? கணக்கு முதல் வினாவில் வென்று மூன்றாவதிற் தோற்கும். கதைப்பாடலும் திரைப்படமும் இரண்டாவதில் வென்று முதலாவதில் இடறும். நாவல் முதலாவதில் வென்று இரண்டாவதிற் தயங்கும். ஓர் ஊடகமே போதும் என்பது இயலாது. எதிலிருந்து தொடங்குவது என்பதே வினா.

கணக்கிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது நமது துணிபு. 2018இல், வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. 2021இற் பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தனித்தனி வீட்டின் வெட்கமாக இருந்த கடன், பலர் கூடிப் பேசியபோதே பொதுப் பிரச்சினையாயிற்று.

குருக்கள்மடத்திலும் அக்கரையிலும் கம்பனி தன் வசதிக்காகப் பெண்களை வட்டமாக அமரச் செய்தது. ஒருவர் தவறினால் மற்றவர் கட்டவேண்டும் என்பதற்காகவே அவ்வட்டம் ஏற்பட்டது. அவ்வட்டத்திலேயே ஒரு பெண் தமது கடன் அட்டையை உரத்து வாசித்து, பெற்றது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு எனக் கூற, மற்றவர் தத்தம் அட்டையை அதனோடு ஒப்பிட்டு வாங்கிக் கூறுவாராயின், பிற்பாட்டு அங்கே தொடங்கிவிடும். மத்தளமும் உடையும் பின்னர் வரலாம். கம்பனியின் கணக்கை அதன் கடனாளிகள் கூடியிருந்து வாசிக்கும் அவ்விடமே இக்கதைக்குரிய முதற் களரி.