இன்ஸ்டா படுத்தா மீம் போடுவோம், யுபிஐ படுத்தா என்ன பண்ணுவோம்?

ஆப்கள் ஏன் அடிக்கடி முடங்குதுன்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டதும், "சார், ஃபைனான்ஸ் சேனல்ல இது எதுக்கு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். வீடியோவில் விட்டுப்போன பாதியை இங்கே எழுதுகிறேன். படிச்சு முடிக்கும்போது இதுக்கும் உங்க சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்னு புரியும்.

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணி தாண்டி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஒண்ணா நின்னு போச்சு. சுமார் ஆறு மணி நேரம். நம்மில் பலர் வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம், போனை ரீஸ்டார்ட் பண்ணோம், கடைசியில் தூங்கிட்டோம். யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு வதந்தி கிளம்புச்சு. உண்மை ரொம்ப சாதாரணமானது. அந்தக் கம்பெனி தன்னோட டேட்டா சென்டர்களை இணைக்கிற நெட்வொர்க்கில் வழக்கமான பராமரிப்பு வேலை பார்த்துக்கிட்டு இருந்தது. அதில் கொடுத்த ஒரு கட்டளை மொத்த இணைப்பையும் துண்டிச்சிருச்சு. இப்படித் தப்பான கட்டளையைத் தடுக்கறதுக்குன்னே ஒரு சோதனைக் கருவி வெச்சிருந்தாங்க. அதிலும் ஒரு பிழை இருந்ததால அது தடுக்கலை.

அடுத்து நடந்ததை நம்ம ஊர் பாஷையில் சொல்றேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற வழிகாட்டிப் பலகை எல்லாத்தையும் ஒரே நேரத்தில் யாரோ பிடுங்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. மலை அங்கேயேதான் இருக்கு, ரோடும் இருக்கு. ஆனா வெளியூர்க்காரன் எவனுக்கும் எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாது. இணையத்தில் அந்தப் பலகை வேலையைச் செய்யறது டிஎன்எஸ், பிஜிபி என்கிற ரெண்டு ஏற்பாடு. முதலாவது, பெயரைச் சொன்னா முகவரி சொல்லும். ரெண்டாவது, அந்த முகவரிக்கு எந்த வழியா போகணும்னு சொல்லும். அன்னிக்கு ஃபேஸ்புக்கோட ரெண்டு பலகையும் காணாம போச்சு. சரி பண்ண வேண்டிய எஞ்சினியர்கள் பயன்படுத்துற உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடிச்சு. அதனால ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாச்சு. அங்கே இருக்கிற பாதுகாப்பைத் தாண்டி உள்ளே நுழையவே நேரம் பிடிச்சது. பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வெச்சுப் பூட்டின கதைதான்.

இதுக்கப்புறம் வந்த பெரிய முடக்கங்களைப் பாருங்க. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டில் கோளாறு. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துருச்சு, நம்ம ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்னிக்கு மத்தியானம் அமேசானோட கிளவுட் சேவை தடுமாறி, ஸ்னாப்சாட், சிக்னல், ரெடிட் எல்லாம் தடுமாறிச்சு. காரணம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிற ஒரு டேட்டா சென்டர் வளாகம். அங்கேயும் டிஎன்எஸ்ஸைத் தானாகப் புதுப்பிக்கிற மென்பொருள்தான் சொதப்பிச்சு. அடுத்த மாசம் நவம்பர் 18-ல் கிளவுட்ஃப்ளேர். எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் திறக்கலை. யாரோ தாக்குறாங்கன்னு முதலில் அந்தக் கம்பெனியே சந்தேகப்பட்டது. கடைசியில் பார்த்தா, அவங்க டேட்டாபேஸில் செஞ்ச ஒரு சின்ன மாற்றத்தால ஒரு ஃபைல் அளவுக்கு மீறி பெருத்துப் போயிருந்தது.

எல்லாமே சொந்தக் கையால பண்ணிக்கிட்ட மாற்றங்கள். எந்தத் திருடனும் வரலை. இன்னொரு விஷயமும் பொதுவா இருக்கு. வெளியே பார்த்தா நூறு ஆப், நூறு லோகோ. அடியில் எல்லாம் ரெண்டு மூணு தூண் மேல நிக்குது. தூண் ஆடினா எல்லா வீடும் ஆடும். ஒவ்வொரு தூணுக்கும் மாற்றுத் தூண் கட்டலாமேன்னு கேட்கலாம். கட்டலாம், செலவாகும். வருஷத்தில் சில மணி நேர முடக்கத்தால வர்ற நஷ்டத்தைவிட மாற்றுத் தூணுக்கு ஆகற செலவு அதிகம்னு கணக்குப் போட்டா, எந்த நிறுவனமும் ரிஸ்க்கைத்தான் எடுக்கும். ஆடிட்டரா எனக்கு அந்தக் கணக்கு புரியுது. ஆனா அந்தக் கணக்கில் உங்க நஷ்டம் ஒரு வரியாக்கூட வராது.

பணம் போகிற பாதையிலும் அதே தூண்கள்

2025 மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12. மூணு வாரத்துக்குள்ள மூணு தடவை யுபிஐ தடுமாறிச்சு. ஏப்ரல் 12 சனிக்கிழமை. கடையில் சாமானை எடுத்து பில்லும் போட்டப்புறம் சக்கரம் சுத்திக்கிட்டே நின்ன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

நீங்க ஸ்கேன் பண்ணி 200 ரூபாய் அனுப்பினா என்ன நடக்குது? உங்க ஆப், அந்த ஆப்புக்குப் பின்னாடி இருக்கிற ஸ்பான்சர் பேங்க், நடுவில் என்பிசிஐ, உங்க பேங்க், கடைக்காரரோட பேங்க். இத்தனை பேர் கை மாறணும். இதில் ஒருத்தர் தூங்கினாலும் சக்கரம் சுத்தும். நாட்டில் நடக்கிற யுபிஐ பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி போன்பே, கூகுள் பே ரெண்டு வழியாத்தான் போகுது. ஒரே ஆப் 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு என்பிசிஐ ஒரு வரம்பு போட்டது. அதை அமல்படுத்துற கெடு தள்ளித் தள்ளி இப்போ 2026 டிசம்பர் 31-ல் நிக்குது.

ஏப்ரல் 12 பிரச்சினைக்கு என்பிசிஐ சொன்ன காரணம்தான் எனக்கு ரொம்பச் சுவாரசியம். பணம் அனுப்புற வேலையால சிஸ்டம் திணறலை. "அந்தப் பணம் போச்சா, போச்சா"ன்னு சில பேங்க்குகளின் சிஸ்டம்கள் திரும்பத் திரும்ப நிலவரம் கேட்டுக்கிட்டே இருந்ததுதான் திணற வெச்சது. பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துக் கேட்டிருக்காங்க. ரேஷன் கடையில் சாமான் கொடுக்கிற வேலை ஒரு பக்கம் இருக்க, வரிசையில் நிக்கிற எல்லாரும் "என் கார்டு வந்துருச்சா"ன்னு ஒரே குரலில் கேட்டா, எடை போடறவர் கையை எடுத்துட்டு பதில் சொல்லிக்கிட்டே நிக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம்தான் 2025 ஆகஸ்ட் 1 முதல் கட்டுப்பாடு வந்தது. ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பார்க்கலாம், நிலவரம் கேட்கறதுக்கும் இடைவெளி, எண்ணிக்கை எல்லாம் உண்டு. 50 தடவை போதாதுன்னு வருத்தப்பட்டவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்கணும். "என்கிட்ட மூணு ஆப் இருக்கு சார்"னு சொல்றவங்க, மூணு ஆப்பிலும் ஒரே பேங்க் அக்கவுன்ட்டை இணைச்சிருப்பாங்க. பேங்க் படுத்தா மூணும் படுக்கும். பெரிய பேங்க் படுக்காதுன்னும் நினைக்காதீங்க. ரெண்டு வருஷமா திரும்பத் திரும்ப டிஜிட்டல் சேவை முடங்கினதால, 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி பேங்க் புது கிரெடிட் கார்டு கொடுக்கவும் புது டிஜிட்டல் சேவை தொடங்கவும் ஆர்பிஐ தடை போட்டது. 2024 ஏப்ரலில் கோட்டக் மஹிந்திரா பேங்க் மேலயும் ஐடி குறைபாடுகளுக்காக நடவடிக்கை வந்தது. ரெண்டு தடையும் பின்னாடி நீங்கிருச்சு. நான் சொல்ல வர்றது, எந்த பேங்க்கா இருந்தாலும் இது நடக்கலாம்.

மலையில் இது தினசரி கதை

கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினா, வளைவுக்கு வளைவு சிக்னல் கோடு குறையும். கரியாலூர், வெள்ளிமலை மாதிரி இடத்தில் கிடைக்கும். உள்ளே தள்ளி இருக்கிற குக்கிராமங்களில் பாறை மேல ஏறி நின்னாத்தான் கால் போகும்னு சொல்ற இடம் உண்டு. ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் நின்னதுக்கு உலகமே பேசிச்சு. இங்கே இருக்கிறவங்களுக்கு அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை.

ஆனா மலையில் மாசச் சம்பளக்காரங்க இருக்காங்க. ஆசிரியர்கள், நர்ஸுகள், வனத்துறை ஊழியர்கள். சிலருக்கு நான் வருமான வரி கணக்கு தாக்கல் பண்றேன். அவங்க பணத்தைக் கையாளுற விதத்தைப் பார்த்தா, ஐடி கம்பெனியில் இருக்கிற என் மற்ற கிளையன்ட்டுகளைவிட ஒழுங்கா இருக்கு. ஒரு ஆசிரியையோட வழக்கம் இது. சம்பளம் ஒரு பேங்க்கில், வீட்டுக் கடன் இன்னொரு பேங்க்கில். கீழே கள்ளக்குறிச்சிக்கு வர்ற அன்னிக்கே அடுத்த ஈஎம்ஐ தொகையைக் கடன் அக்கவுன்ட்டுக்கு மாத்திடுவார். கையில் 100, 50 நோட்டாக ரெண்டு வாரச் செலவுக்கு எடுத்துக்குவார். 500 ரூபாய் நோட்டை எடுக்க மாட்டார், மலையில் சில்லறை கிடைக்காது. "சிக்னல் இருக்கும்னு நம்பி நான் எதையும் கடைசி நாளுக்குத் தள்றதில்லை சார்"னு ஒருநாள் சொன்னார்.

கீழே இருக்கிற நாம என்ன பண்றோம்? அஞ்சாம் தேதி ஈஎம்ஐ. நாலாம் தேதி ராத்திரி பதினொண்ணு மணிக்கு யுபிஐயில் மாத்தறோம். அன்னிக்குச் சக்கரம் சுத்தினா காலையில் டெபிட் பவுன்ஸ். பவுன்ஸ் சார்ஜ், அபராதம், கூடவே கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு கரும்புள்ளி வர வாய்ப்பு. சர்வர் டவுன்னு ஸ்கிரீன்ஷாட் காட்டினா கிரெடிட் பீரோ கேட்காது. கிரெடிட் கார்டில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு. கெடு தேதிக்கு அப்புறம் மூணு நாளைக்கு மேல பாக்கி நின்னாத்தான் தாமதக் கட்டணம் போடணும், பீரோவுக்கும் சொல்லணும்னு ஆர்பிஐ விதி. ஈஎம்ஐக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீங்க.

அவசர நிதியையும் சம்பள அக்கவுன்ட் இருக்கிற அதே பேங்க்கில் வெச்சிருக்கீங்களா? அதில் ஒரு மாசச் செலவையாவது வேற பேங்க்குக்கு மாத்துங்க, அதுக்குத் தனி டெபிட் கார்டும் இருக்கட்டும். யுபிஐ லைட்டில் 5,000 ரூபாய் வரைக்கும் வெச்சுக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை போகும். சின்னச் செலவு பேங்க்கோட முக்கிய சர்வரைத் தொடாமலே போறதால, பேங்க் திணறுற நேரத்தில் இது கை கொடுக்கும். நெட் இல்லாட்டி *99# இருக்கு, ஆனா அதுக்கும் சிக்னல் வேணும். சிக்னலே இல்லாத இடத்தில் இருக்கிற ஒரே ஆப், சட்டைப் பையில் இருக்கிற நோட்டு.

ஆன்லைனில் சின்னதா சைடு பிசினஸ் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம கள்ளக்குறிச்சி மரச்சிற்பமோ, வீட்டில் செய்யற தேன் நெல்லிக்காயோ, எதை இன்ஸ்டாவில் வித்தாலும், வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் உங்ககிட்ட ஒரு எக்செல் ஷீட்டிலோ நோட்டுப் புத்தகத்திலோ இருக்கணும். ஆர்டர் விவரம் முழுக்க சாட்டுக்குள்ள மட்டும் இருந்தா, அக்கவுன்ட் லாக் ஆகிற அன்னிக்குக் கடையோட சாவி உங்ககிட்ட இல்லை.

100 ரூபாய் உங்க உரிமை

வாட்ஸ்அப் நின்னா உங்களுக்கு ஒரு பைசா வராது. பணப் பரிவர்த்தனை அப்படி இல்லை. 2019 செப்டம்பர் 20-ல் ஆர்பிஐ ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு. ஒரு தனிநபருக்கு யுபிஐயில் அனுப்பி, உங்க அக்கவுன்ட்டில் கழிஞ்சு அவருக்குப் போகலைன்னா, மறுநாளுக்குள் பணம் தானா திரும்பணும். கடைக்குக் கட்டி இப்படி ஆனா அஞ்சு நாள். ஏடிஎம்மில் பணம் வராம கழிஞ்சாலும் அஞ்சு நாள். அதைத் தாண்டற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நீங்க கேட்காமலே கொடுக்கணும்னுதான் விதி. நடைமுறையில் கேட்கணும். ஆப்பில் இருக்கிற புகார் பட்டனை அமுக்கி, பரிவர்த்தனை எண்ணோட பேங்க்குக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் இல்லாட்டியோ, பதில் திருப்தி இல்லாட்டியோ ஆர்பிஐ ஒம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். அதுக்குக் கட்டணம் கிடையாது. ஆனா சக்கரம் சுத்தும்போது பதறி ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க. ரெண்டும் போய்ச் சேர்ந்தா, அது கடைக்காரரோட நல்ல மனசைப் பொறுத்த விஷயம் ஆயிடும்.

கடைசியா என் தொழில் சம்பந்தப்பட்டது. 2021 ஜூன் 7-ல் புது வருமான வரி போர்ட்டல் வந்தப்போ பட்ட பாடு என் வயசு ஆடிட்டர்கள் யாருக்கும் மறக்காது. கெடு அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் போச்சு. 2025-ல் செப்டம்பர் 15 கடைசி நாள். அன்னிக்கு போர்ட்டல் திணறி, ராத்திரிதான் ஒரே ஒரு நாள் நீட்டிப்பு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படி நீட்டுவாங்கன்னு நம்பி உட்கார்ந்தா, தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000.

தாக்கல் பண்ணினதோட வேலை முடியலை, 30 நாளுக்குள் வெரிஃபை பண்ணணும். ஆதார் ஓடிபி வராம தவிக்கிறவங்க நெட் பேங்கிங் வழியா முயற்சி பண்ணலாம். அதுவும் முடியாட்டி ஐடிஆர்-வி படிவத்தில் கையெழுத்துப் போட்டு பெங்களூரு சிபிசிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். என் மலை கிளையன்ட்டுகளில் ரெண்டு பேர் இன்னும் அப்படித்தான் அனுப்பறாங்க. போஸ்ட் ஆபீஸ் ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் போடுவாங்க, சிக்னல் கிடைக்கிற அன்னிக்கு.