அடைத்த பல்லுக்கு எதற்கு இவ்வளவு மெருகு?

சொத்தையைச் சுரண்டியாயிற்று, வெள்ளைப் பசையை வைத்து நீல விளக்கைக் காட்டியாயிற்று, கடித்துப் பார்த்தும் ஆயிற்று. அதற்குப் பிறகும் பல் மருத்துவர் சின்னச் சின்ன வட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். வாயைத் திறந்து வைத்திருப்பவருக்குத் தாடை வலி. “பளபளப்புதானே டாக்டர், போதும்” என்று எழுந்துவிடுகிறவர்களும் உண்டு. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்: எழுந்துவிடாதீர்கள். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் அடைப்பின் ஆயுளும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

இன்று பெரும்பாலும் வைக்கப்படும் பல் நிற அடைப்புக்குக் காம்போசிட் என்று பெயர். அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற ஒரு பிசினிலிருந்து வளர்ந்த பொருள் இது. பிசினுக்குள் கண்ணாடி, சிலிக்கா துகள்களை நெருக்கமாகக் கலந்திருப்பார்கள். பழைய வீடுகளின் மொசைக் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டும் சலவைக்கல் சில்லும் கலந்து போட்ட அன்று தரை சொரசொரவென்றுதான் இருக்கும். முரட்டுக் கல்லில் தொடங்கி நைசான கல் வரை, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். காம்போசிட்டிலும் இதே சிக்கல். பிசின் மென்மையானது, துகள் கடினமானது. தேய்ப்பு சரியில்லை என்றால் பிசின் முதலில் தேய்ந்து துகள் துருத்தி நிற்கும். அல்லது துகள் பெயர்ந்து குழி விழும்.

ஆரம்ப காலக் காம்போசிட்டில் துகள்கள் பத்து மைக்ரானுக்கும் மேல். எவ்வளவு தேய்த்தாலும் மெருகு நிற்காது. பிறகு 0.04 மைக்ரான் துகள்கள் வந்தன; பளபளப்பு அருமை, ஆனால் கடைவாயில் மெல்லும் பாரத்தைத் தாங்கவில்லை. பெரிதும் சிறிதும் கலந்தவை, 2000க்குப் பிறகு நானோ துகள்கள் என்று வளர்ந்துதான், முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் ஒரே பொருளை வைக்கும் நிலை வந்தது.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நீல விளக்கின் ஒளி, பிசினில் உள்ள காம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறப் பொருளைத் தூண்டிவிட, பிசின் இறுகுகிறது. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த வினையைத் தடுக்கும். அதனால் காற்றுப் படும் மேற்பரப்பில் மெல்லிய படலம் ஒன்று முழுக்க இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடுகிறது. அதை அப்படியே விட்டால் சீக்கிரம் தேயும். டீ, காபி, மஞ்சள் என்று எந்தக் கறையையும் பிடித்துக்கொள்ளும். தேய்க்கும்போது முதலில் போவது இந்தப் படலம்தான். சில மருத்துவர்கள் கடைசியாக விளக்குக் காட்டும் முன் கிளிசரின் ஜெல்லைப் பூசிக் காற்றை மறைப்பதும் இதற்காகத்தான்.

மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை அழுத்தி வைத்து இறுக்கினால், எந்த வட்டாலும் எட்ட முடியாத வழுவழுப்பு அப்போதே கிடைத்துவிடும். பிறகு ஏன் தேய்க்க வேண்டும்? அந்தப் பரப்பில் பிசின் அதிகம், துகள் குறைவு. பார்க்க அழகு, ஆனால் வலுவில்லை. அதை மெல்ல எடுத்துவிட்டு, துகள் நிறைந்த அடிப்பகுதியை வெளியே கொண்டுவந்து மெருகேற்றுவதுதான் நல்லது.

எவ்வளவு மெருகு போதும்? பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் ஓர் எல்லையைக் குறித்தார்கள்: சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரான். அதற்கு மேலே போகப் போகக் கிருமிப் படலம் கூடுதலாக ஒட்டுகிறது; அதற்குக் கீழே இன்னும் வழுவழுப்பாக்கினாலும் பெரிய லாபமில்லை. நம் நாக்கு அரை மைக்ரான் சொரசொரப்பைக்கூட உணர்ந்துவிடும். ஆகவே “இந்த இடம் நெருடுது டாக்டர்” என்று சொல்லத் தயங்க வேண்டாம். கண்ணாடியில் தெரியாதது நாக்குக்குத் தெரியும்.

தோற்றமும் இதைச் சார்ந்ததே. வழுவழுப்பான பரப்பில் பட்ட ஒளி ஒழுங்காகத் திரும்பி வருவதால்தான் எனாமல் மின்னுகிறது. சொரசொரப்பில் ஒளி சிதறுகிறது. நிறத்தை எவ்வளவு கவனமாகப் பொருத்தியிருந்தாலும் அடைப்பு மங்கித் தனியே தெரியும்.

விளிம்புதான் மிகவும் நுட்பமான இடம். இரு பற்களுக்கு நடுவே அடைப்பு துளி துருத்தினாலும் உணவும் கிருமியும் தங்கி ஈறு வீங்கும், ரத்தம் கசியும். பல்லிடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் ஒரே இடத்தில் பிய்ந்து வருகிறதா? விளிம்பைக் காட்டுங்கள். அதே சமயம் முரட்டு வைர முனையால் அவசரமாகத் தேய்த்தால் ஓரத்து எனாமல் நொறுங்கி வெள்ளைக் கோடு விழும். தண்ணீரில்லாமல் அழுத்தித் தேய்த்தால் சூடு ஏறும். 1965இல் குரங்குகளிடம் நடந்த சோதனையில், பல்லின் உள்ளே வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடியபோது சுமார் 15 சதவீதப் பற்களின் உயிர்ச்சதை மீளவே இல்லை. முகத்தில் தண்ணீர் தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெருகு எல்லாவற்றையும் காப்பாற்றாது. பிசின் இறுகும்போது இரண்டு மூன்று சதவீதம் சுருங்குகிறது. அந்த இழுப்பில் ஓரம் விட்டுப்போகலாம். எச்சில் பட்ட குழியில் வைத்ததும், ஒளி போதாமல் உள்ளே இறுகாததும் எத்தனை மின்னினாலும் நிலைக்காது. வெள்ளி அடைப்புக்கும் கண்ணாடி அயனோமர் சிமென்ட்டுக்கும் கணக்கு வேறு. இரண்டும் முழுதாக இறுக நேரம் எடுப்பதால், மெருகேற்ற மறுநாளோ அதற்குப் பிறகோ வரச் சொல்வது பழைய வழக்கம். அப்படிச் சொன்னால் மறக்காமல் திரும்பப் போய் வாருங்கள்.

நான்கைந்து வருடத்து அடைப்பு மங்கிக் கறுத்தால் உடனே பெயர்க்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. கறை மேலோடு நின்றிருந்தால் திரும்ப மெருகேற்றினாலே தெளிந்துவிடும். கறை விளிம்புக்குள் இறங்கியிருக்கிறதா, அடியில் சொத்தை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் கரித்தூளும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது மெருகேற்றுவதாகாது. இருக்கிற மெருகையும் அது கீறிவிடும். பல் சுத்தம் செய்துகொள்ளப் போகும்போது, எந்தெந்தப் பல்லில் காம்போசிட் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முரட்டுப் பசை அதன் பரப்பைச் சொரசொரப்பாக்கும். அமிலத்தன்மையுள்ள ஃப்ளோரைடு ஜெல் கண்ணாடித் துகளை அரிக்கும். அதற்குப் பதில் அமிலம் சேராத ஃப்ளோரைடு இருக்கிறது, கேட்டு வாங்கலாம்.