ஒளிரவில்லை என்றால் நொதி இல்லையா?

கடந்த பருவத்தில் ஆய்வுக்கூடத்தில் நான் செய்த ஒரு சோதனையில், கருவி காட்டிய எண்கள் எல்லாம் சுழியத்தை ஒட்டியே இருந்தன. “நொதி செயல்படவில்லை” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அந்த முடிவு தவறு.

நொதி என்பது உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே, 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்ற ஒளிரும் மூலக்கூறுடன் ஒரு சர்க்கரையை இணைத்துக் கொடுக்கிறோம். இணைந்திருக்கும்போது அதன் ஒளிர்வு அடங்கியிருக்கும். நொதி சர்க்கரையை வெட்டியதும் மூலக்கூறு விடுபடும். அதன்மீது ஏறத்தாழ 365 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளியை உமிழும். ஒளி கூடினால் நொதி அதிகம் வெட்டியிருக்கிறது என்று பொருள்.

நான் அளந்தது ஹெக்சோசமினிடேஸ் நொதி. அது பிஎச் 4.5 அளவிலான அமிலக் கரைசலில் நன்றாகச் செயல்படும். ஒளிரும் மூலக்கூறுக்கோ காரத்தன்மை வேண்டும். ஆகவே, குறித்த நேரம் முடிந்ததும் பிஎச் 10 அளவிலான கரைசலைச் சேர்க்க வேண்டும். அது நொதியையும் நிறுத்தும், ஒளிர்வையும் தூண்டும். அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

தவற்றைக் காட்டிக்கொடுத்தது ஒப்பீட்டுக்கான குழி. அதில் நொதியே கிடையாது. தெரிந்த அளவில் ஒளிரும் மூலக்கூறு மட்டும்தான். அதுவும் மங்கலாக இருந்தது! காரக் கரைசலைச் சேர்த்ததும் தட்டு முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால், நொதி கூடுதல் நேரம் வேலை செய்துவிட்டதால் அந்த அளவீடுகள் பயன்படவில்லை. முதலிலிருந்து மீண்டும் செய்தேன்.

இது வெறும் வகுப்புப் பாடம் அன்று. டே-சாக்ஸ் என்ற மரபுநோயில் ஹெக்சோசமினிடேஸ் ஏ இல்லாததால் குழந்தையின் நரம்பு உயிரணுக்கள் சிதைகின்றன. 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் கபாக், யூத சமூகத்தினரிடையே இந்நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்களைக் கண்டறியும் பரிசோதனையைத் தொடங்கினார். ரத்தத்தில் இந்த நொதியை அளக்க, இதே ஒளிரும் மூலக்கூறைப் பயன்படுத்தும் முறை கைகொடுத்தது. சூடாக்கினால் ‘ஏ’ வகை செயலிழந்துவிடும் என்பதால், சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து அதன் பங்கைக் கணக்கிட்டார்கள்.

அங்கே ஒரு தவறான எண், ஒரு தம்பதியரின் முடிவையே மாற்றிவிடும். இப்போதெல்லாம் மாதிரியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, ஒப்பீட்டுக் குழியின் எண்ணைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.